பாத்திரம் துடைக்க ஒரு துணி

திருப்பாதிரிப்புலியூர்,
ஆகஸ்ட் 2008, சனிக்கிழமை மதியம்.

அன்புள்ள உங்களுக்கு,

இல்லை, நான் பின்னியது தொப்பி இல்லை. குழந்தைக்கான எதுவும் இல்லை. பாத்திரம் துடைக்கிற துணி. நேற்று போனில், "என்கிட்ட முதல்ல சொல்லக்கூடாதா அனு" என்று கேட்டீர்கள். உங்கள் குரல் சிரித்தது, கொஞ்சம் தழுதழுத்தும் இருந்தது. நான் "ம்" என்றேன். உங்கள் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றிருந்தார்கள். அந்த "ம்" எதற்கான பதில் என்று எனக்கே தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் நலம். மாமாவுக்குச் சளி குறைந்திருக்கிறது. மஸ்கட்டில் வெயில் தணிந்ததா? தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

அந்தத் துணியைப் பற்றி. நீங்கள் லீவு முடிந்து கிளம்பிய பிறகு கை சும்மா இருந்தது. எம்.ஏ.வில் என் அறைத்தோழி காயத்ரி, சேத்தியாத்தோப்புக்காரி, பிரவுசிங் சென்டரில் பின்னல் செய்முறைப் பக்கம் ஒன்றை அச்செடுத்துத் தந்திருந்தாள். இரண்டு ஊசி, பருத்தி நூல், ஒரு சதுரத் துணி. அவ்வளவுதான். ஊசி கடையில் கிடைத்தது. நூல் கேட்டால் உல்லனைத்தான் எடுத்துப் போட்டார்கள். கடைசியில் குறிஞ்சிப்பாடியில் தறி வைத்திருக்கும் அவளுடைய சித்தப்பா வீட்டிலிருந்து வெள்ளை நூல் வந்தது. தறி நூல் தலைமுடி போல மெல்லியது. பல இழைகளைச் சேர்த்து முறுக்கிய பிறகுதான் ஊசியில் நின்றது.

துணி ஒரு மூலையில் தொடங்குகிறது. முதலில் நான்கு கண்ணி. வரிசைக்கு ஒன்று கூடும். கூட்டும் இடத்தில் ஓரமாக ஒரு சிறு துளை விழும், பூவேலை மாதிரி. பாதிவரை விரிந்துகொண்டே போகும். அதன்பின் குறைத்துக்கொண்டே வந்தால் சதுரமாகிவிடும். ஆனால் பாதியில் அது முக்கோணம். வெள்ளையாக, மெத்தென்று, ஓரமெல்லாம் துளைகளோடு.

அத்தை அந்தப் பாதியில்தான் பார்த்தார்கள். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக் கொடியில் காய்கிற இடுப்புத்துணியும் அதே முக்கோணம்தான்.

நான் சொன்னேன். பாத்திரம் துடைக்க என்று தெளிவாகத்தான் சொன்னேன். மாமா பேப்பரை இறக்கிவிட்டு, "பாத்திரம் தொடைக்க யாராச்சும் இவ்ளோ நாளு குந்திப் பின்னுவாங்களாம்மா? என் பழைய லுங்கி ரெண்டு கெடக்குதே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு மாடிப்படி ஏறக்கூடாது என்றார்கள். என் தட்டில் மீன் துண்டு கூடியது. பக்கத்து வீட்டு ரேகா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னா அனு, அண்ணன் லீவு வீண் போவல போல" என்று கத்திவிட்டு எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தாள். நான் இல்லை என்றேன். இல்லை என்று சொல்லச் சொல்ல எல்லோரும் இன்னும் உறுதியாக நம்பினார்கள். ஊறுகாயை வாங்கிக்கொண்டேன். சாப்பிட்டும் விட்டேன்.

புதன்கிழமை சிதம்பரம் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். எம்.ஃபில். பட்டியலில் என் பெயர் இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும், தவறினால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அதைச் சொல்லும் அவசரத்தோடுதான் வீட்டுக்குள் நுழைந்தேன்.

கட்டிலில் ஊசி இரண்டும் ஒட்டிக் கிடந்தன. பக்கத்தில் ஒரு நூல் உருண்டை. துணி இல்லை. அத்தை முழுவதையும் பிரித்திருந்தார்கள். ஓர் இழைகூட அறுக்காமல், சிக்கெடுத்து, அழகாகச் சுற்றி வைத்திருந்தார்கள்.

ஏன் பிரித்தீர்கள் என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

"கோச்சிக்காதம்மா. பொறக்கறதுக்கு முன்னால புதுத்துணி ஆவாது. பொறந்து அழட்டும். அப்பறம் எவ்ளோ வேணா பின்னு, நானும் ஒக்காந்து நூல் சுத்தித் தரேன்" என்றார்கள். நூல் உருண்டையை எடுத்துத் தலையணைப் பக்கம் நகர்த்தி வைத்தார்கள். பிறகு, "அன்பரசுக்கு முன்னால ஒண்ணு இருந்துச்சி. பொண்ணு. நான்தான் அவசரப்பட்டு கவுன் தைச்சி வச்சேன், லேஸெல்லாம் வச்சி. அதப் போட்டுத்தான் பொட்டில வச்சிப் பொதைச்சோம்" என்றார்கள்.

உங்களுக்கு ஓர் அக்கா இருந்தது உங்களுக்குத் தெரியுமா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அல்லது தெரிந்தும் எனக்குச் சொல்லவில்லையா? இரண்டில் எது உண்மையாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன் என்பதும் தெரியவில்லை.

அதன் பிறகு பாத்திரம் என்ற சொல்லே எனக்கு வாயில் வரவில்லை.

இதை எப்படி எழுதுவது? எனக்கு நாள் தள்ளியிருக்கிறது. அலைச்சலாக இருக்கலாம். எல்லோரும் சொல்லிச் சொல்லி உடம்பே குழம்பிப்போயிருக்கலாம். உண்மையாகவும் இருக்கலாம். சோதித்துப் பார்க்க முடியவில்லை. தெருமுனை மருந்துக்கடைக்காரர் மாமாவோடு ஒன்றாக மாதா கோயில் பூசைக்குப் போகிறவர். காலையில் கண்ணாடியில் பார்த்தால் ஒருநாள் ஆம் என்று தோன்றுகிறது, மறுநாள் வெறும் நான்.

இன்னொன்று. புதுத்துணி ஆகாது என்பதை நான் நம்பவில்லை. நம்பாதவள் அந்த நூலை மறுபடி எடுத்திருக்க வேண்டும். அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

சேர்க்கையைப் பற்றி அத்தையிடம் சொன்னபோது, "படிப்பு எங்கம்மா ஓடிப்போவுது, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார்கள். அவர்கள் பார்வை என் வயிற்றில் இருந்தது. கோபப்பட முடியவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, அனு படிக்கட்டும் என்று உங்கள் வாயால் அத்தையிடம் சொல்லுங்கள். இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் திங்கட்கிழமை போய்விடும். தெரிந்தேதான் எழுதுகிறேன். நீங்கள் சொன்னீர்கள் என்று எனக்கு இருக்க வேண்டும். அதோடு, இல்லை என்று ஆகிவிட்டால் அத்தையின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது என்றும் எழுதுங்கள். உங்கள் முகத்தையும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். மாதா உங்களைக் காக்கட்டும், உங்கள் அம்மாவையும்.

இப்படிக்கு,
உங்கள் அனுப்பிரியா.

பி.கு. திங்கள், சிதம்பரம். கடிதத்தை இப்போதுதான் ஒட்டுகிறேன். காலையில் அத்தையிடம், "எனக்கு நிச்சயமாத் தெரியல அத்தை, ஆனா நான் போறேன்" என்றேன். அவர்கள் உள்ளே போய்த் தயிர்சாதம் கட்டி எடுத்துவந்து பையில் வைத்தார்கள். வாசலில், "பஸ்ல பின்னால ஒக்காராத, ஜாஸ்தி குலுக்கும். டிரைவர் பக்கமாப் பாத்து ஒக்காரு" என்றார்கள். சேர்ந்துவிட்டேன். முன் சீட்டில் உட்கார்ந்துதான் வந்தேன்.