பொத்தான் தாயம்

நாகபுரி
11-6-1978

முன்பின் அறியாத சகோதரி ரோசம்மாள் அவர்களுக்கு,

பெரணமல்லூர் அருணாச்சலம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கிறேன். ஒரு துணிப்பையில் சிவப்பு நூலால் தைத்திருந்த உங்கள் பெயரையும், 'தையல் டீச்சர், மிஷன் பள்ளி, ஆரணி' என்ற வரியையும் நம்பி இதைப் போடுகிறேன். கைக்குக் கிடைத்தால் என் அதிர்ஷ்டம்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்து திரும்பும்போது மதராசில் டெல்லி வண்டி ஏறினேன். எதிர் சீட்டில் ஒரு தம்பி. விஜயவாடா வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் அந்தப் பையிலிருந்து குரோஷா பின்னலில் செய்த ஒரு தாயக்கட்டத்தை எடுத்து சீட்டில் விரித்தார். "வாங்க, ஒரு ஆட்டம் போடலாம். தனியா வெச்சிகினு இன்னா பண்றது?" என்றார். வண்டி எப்படிக் குலுக்கினாலும் காய் நகரவில்லை. கட்டத்துக்குக் கட்டம் ஒரு நூல் கண்ணி. காய்க்குப் பதில் பொத்தான். மாட்டிவிட்டால் அசையாது. யார் பின்னியது என்று கேட்டேன்.

"எங்க அக்கா. எனக்குக் கல்யாணம் ஆயி நாங்க ரெண்டு பேரும் வேளாங்கண்ணி போவ சொல்லோ ரயில்ல ஆடுறதுக்குன்னு பின்னுச்சி."

"பொண்ணு எங்க?"

"வரல" என்று சிரித்தார். பல்லார்ஷாவில் அவசரமாக இறங்கினார். பை சீட்டிலேயே கிடந்ததை வண்டி புறப்பட்ட பிறகுதான் பார்த்தேன்.

உடனே அனுப்பியிருக்க வேண்டும். என் மனைவி விருத்தாம்பாள் இந்த ஆட்டத்தின் மேல் பைத்தியமாகிவிட்டாள். நாளை நாளை என்று கோடையும் போய்விட்டது. போதாததற்கு, காய் வெட்டுப்படாத மலைக் கட்டத்தில் ஒரு கண்ணி அறுந்துவிட்டது. மன்னியுங்கள். எந்த முகவரிக்கு அனுப்பட்டும்?

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
அருணாச்சலம்

ஆரணி
20-6-1978

மதிப்புக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பிள்ளைகள் நடுவில் நின்று பிரித்தேன். தாயக்கட்டம் என்ற வார்த்தைக்கு மேல் எழுத்து தெரியவில்லை.

அவன் என் தம்பி சத்தியராஜ். சந்தவாசலில் இருக்கும் எங்கள் தாய்மாமன் மகள் அமலியை அவனுக்குப் பேசி, கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாகிவிட்டது. பந்தக்கால் நடுவதற்கு முன்பே ஒரு விடியற்காலை காணாமல் போனான். கிணறு கிணறாகத் தேடினோம். ஆற்றோரம் ஒரு சட்டை கிடக்கிறது என்று யாரோ சொல்ல, அப்பா தறியை விட்டு இறங்கி ஓடினார். அது யாருடையதோ பழைய சட்டை. அன்றிலிருந்து அவர் பூசைக்கு வந்தால் கடைசி பெஞ்சில்தான் உட்காருகிறார். மாமன் முகத்தைப் பார்ப்பதில்லை. அம்மா இதையெல்லாம் பார்க்காமல் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அண்ணா, அவனை எப்படியாவது கண்டுபிடித்துச் சொல்லுங்கள். அமலிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அவள் தெருவிலேயே இருக்கும் பவுல்துரை தானாக வந்து பெண் கேட்டான். மாமாவும் மறுக்கிற நிலையில் இல்லை. மே மாதம் நடந்தது. அவள் நன்றாக இருக்கிறாள். இனி அவன் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை.

தாயக்கட்டத்தை அனுப்ப வேண்டாம். நீங்களே வைத்திருந்து அவனிடம் கொடுங்கள். அண்ணியிடம் சொல்லுங்கள்: அறுந்த கண்ணியைக் கத்தரிக்கக் கூடாது, நூல் உருவிக்கொண்டே போகும். இரண்டு முனையையும் பின்பக்கம் இழுத்து முடிச்சுப் போட்டு, பக்கத்துக் கட்டத்தின் ஓரத்திலிருந்து புது நூலில் சங்கிலி போட்டு அதே இடத்தில் மடக்கிச் சேர்க்கட்டும். பொத்தான் இறுக்கமாக நுழைய வேண்டும். தாராளமாக நுழைந்தால் ரயிலில் நிற்காது.

உங்கள் பதிலுக்காகத் தபால்காரரைப் பார்த்திருக்கும்,
ரோசம்மாள்

நாகபுரி
17-7-1978

அன்புள்ள தங்கைக்கு,

உன் தம்பியைப் பார்த்துவிட்டேன். இதைப் படித்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடி, மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

பாஸ் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பல்லார்ஷா போனேன். ஸ்டேஷன் டீக்கடையில் தாயக்கட்டத்தை விரித்து வைத்து, இதைத் தொலைத்த தமிழ்த் தம்பியைத் தெரியுமா என்று கேட்டேன். தேக்கு மரக்கிடங்கைக் கைகாட்டினார்கள். அங்கே மரத்துக்கு நம்பர் போடுகிற வேலையில் இருக்கிறார். இளைத்திருக்கிறார், தாடி வைத்திருக்கிறார், வேறு குறையில்லை. என்னைப் பார்த்ததும் ஓடப்போனார். பையைப் பார்த்து நின்றார்.

முதல் கேள்வி அப்பாவைப் பற்றியல்ல. "அமலிக்கு ஆயிடுச்சாங்க?" என்றார். பவுல்துரையோடு என்றேன். மரத்தின் மேல் உட்கார்ந்து அப்படிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

பிறகு சொன்னார். ஓலை வாசித்த அன்று சாயங்காலம் கோவில் பின்னால் அமலி அவரிடம் வந்து அழுதிருக்கிறாள். "நீங்களே வேணாம்னு சொல்லிடுங்க அத்தான். நான் சொன்னா எங்கப்பா கொன்னுடுவாரு" என்றாளாம். இவருக்கு உங்கள் அப்பா முன்னால் நின்று அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. கிளம்பிவிட்டார்.

"அக்காவுக்கு மட்டும் சொல்லுங்க. அப்பாவுக்குத் தெரிஞ்சா மாமாவுக்குத் தெரியும். அமலிக்குப் பேஜாராயிடும்" என்கிறார். ஊருக்கு வரமாட்டாராம்.

உன் அண்ணி கண்ணியைப் பின்னிவிட்டாள். நீ சொன்ன மாதிரியே இறுக்கம்.

நலம் கோரும்,
அருணாச்சலம்

ஆரணி
26-7-1978

அன்புள்ள அண்ணா,

தண்ணீர் குடித்தேன். அழவும் செய்தேன். அப்பா என்னவென்று கேட்டார், வெங்காயம் என்றேன்.

நேற்று தறிக்குப் பாவு நூல் ஓட்ட வந்த சுப்பன், "ஓடிப்போனவனப் பத்தித் தகவல் உண்டா?" என்று கேட்டான். "எனக்குப் புள்ளையே இல்ல" என்றார் அப்பா. நான் உள்ளே சாதம் வடித்துக்கொண்டிருந்தேன். வாய்வரை வந்தது. என் தம்பி ஒரு பெண்ணுக்காகக் கெட்டபெயரைச் சுமக்கிறான் என்று தெரிந்தும், அவனைத் திட்டுகிறவர்கள் முன் வாயை மூடிக்கொண்டு எப்படி இருப்பது? சொல்லுங்கள் அண்ணா, நான் என்ன செய்யட்டும்?

ரோசம்மாள்

நாகபுரி
9-8-1978

அன்புள்ள தங்கைக்கு,

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உன் தம்பிக்கு வாக்குக் கொடுத்தவன் நான். ஆனால் விருத்தாம்பாள் உன் கடிதத்தைக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னாள். "அவங்கப்பனுக்குச் சொல்லக்கூடாது, சரி. அந்தப் பொண்ணுக்குச் சொல்லக்கூடாதுன்னு யாரு சொன்னது? அவ அங்க நிம்மதியா சோறு துன்றாளா இல்லையான்னு நமக்கு இன்னா தெரியும்?"

அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். லீவு கிடைக்கிற ஞாயிறுகளில் போய் உன் தம்பியோடு ஆடுகிறேன். தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

அருணாச்சலம்

ஆரணி
4-9-1978

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

அண்ணி சொன்னபடி சந்தவாசல் பஸ் ஏறினேன். அமலி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "தம்பி உயிரோட இருக்கான்" என்று மட்டும்தான் சொன்னேன். முறம் கையிலிருந்து விழுந்தது. "அக்கா, தெனம் கெட்ட சொப்பனம். கெணத்துல எட்டிப் பாக்கவே மாட்டேன்" என்று என் தோளில் சாய்ந்தாள். அவள் முழுகாமல் இருக்கிறாள்.

நான் எதுவும் கேட்கவில்லை, அண்ணா. சத்தியமாகக் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து அவளும் பவுல்துரையும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கூடவே மாமாவையும் அழைத்து வந்திருந்தாள், எதற்கென்று சொல்லாமல். அப்பா எழுந்து உள்ளே போகப் பார்த்தார்.

"இருங்க மாமா. எனக்கு இஷ்டமில்லன்னு அத்தான்கிட்ட நான்தான் சொன்னேன். அவரு எனக்காகத்தான் போனாரு" என்றாள் அமலி, அப்பாவிடம். மாமா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். பவுல்துரை நடுவில் போய் நின்றான். ஆனால் மாமாவின் கையைப் பிடித்தது எங்கள் அப்பா.

"அந்தப் புள்ளைய உடு" என்றார். "இவளக் கேக்காம ஓலை வாசிச்சது நாமதான்."

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இன்னும் கோபம்தான், ஆனால் மகள் வீட்டுக்குப் பால் அனுப்புகிறாராம். அப்பா இரண்டு நாள் தறியில் உட்காரவில்லை. மூன்றாம் நாள், "பல்லார்ஷாவுக்கு எங்க வண்டி மாறணும்?" என்று கேட்டார். பதினாறாம் தேதி கிளம்புகிறார். இந்தி தெரியாது. ஸ்டேஷனில் நீங்கள் இருந்தால் எனக்குத் தூக்கம் வரும்.

உங்கள் தங்கை,
ரோசம்மாள்

பல்லார்ஷா
18-9-1978

அன்புள்ள தங்கைக்கு,

உன் தம்பியின் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா நல்லபடியாக வந்து சேர்ந்தார். சத்தியராஜ் தாடியை எடுத்துவிட்டு பிளாட்பாரத்தில் என் முதுகுக்குப் பின்னால் நின்றார். அப்பா இறங்கி அவரை மேலும் கீழும் பார்த்தார். அழுகை, கட்டிப்பிடித்தல் ஒன்றும் இல்லை. மூட்டையைக் கையில் கொடுத்தார். மூன்று பேரும் நடந்தோம். பாதி வழியில்,

"எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானேடா?" என்றார்.

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

அப்பா நடந்துகொண்டே இருந்தார். ரயில்வே கேட் தாண்டி, மரக்கிடங்கும் தாண்டி, அறை வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னார்: "மாட்டேன்."

உன் தம்பி ஊருக்கு வரப்போவதில்லை, ரோசம்மா. வேலை இங்கேதான். அதை அப்பாவும் புரிந்துகொண்டார். பொங்கலுக்கு மட்டும் வந்துபோவதாகத் தம்பி சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று. நாங்கள் கை கால் கழுவும்போது ஒரு பெண் சாப்பாட்டுத் தூக்குடன் வந்தாள். பெயர் சாவித்திரி. தெலுங்குப் பெண். இங்கே பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை. அடிக்கடி வந்துபோகும் எனக்கே இதுவரை தெரியாது. உன் தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு, "இவங்கள நான் கட்டிக்கலாம்னு இருக்கேன்பா" என்றார். இந்த முறை ஓடவில்லை. நின்ற இடத்தில் நின்று சொன்னார்.

நான் செம்பைக் கையில் பிடித்தபடி நின்றேன். கோவிலா, மாதா கோவிலா, சாதியா, எதைக் கேட்கப் போகிறாரோ என்று. அப்பா அந்தப் பெண்ணைப் பார்த்தார். பட்டுக்காகத் தர்மாவரம் போய்வந்து கற்ற தெலுங்கை எங்கிருந்தோ தேடி எடுத்தார்.

"நீக்கு இஷ்டமேனா அம்மா? நிஜங்கா செப்பு." உனக்கு இஷ்டம்தானா, உண்மையாகச் சொல் என்கிறார்.

அவள் உன் தம்பியைப் பார்த்தாள். அப்பா கையை நீட்டி மறித்தார். தெலுங்கு மறந்துபோய்த் தமிழிலேயே, "அவனப் பாக்காத தாயி. எங்கிட்ட சொல்லு" என்றார்.

தூக்கைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர் முகத்தை நேராகப் பார்த்து அவள் சொன்னாள்: "இஷ்டமே."

அப்பா இலை முன்னால் உட்கார்ந்தார்.

எல்லோரும் சாப்பிட்டாயிற்று. நீயும் சாப்பிடு.

உன் அண்ணன்,
அருணாச்சலம்