இரண்டாவது கையெழுத்து

அன்று மேனேஜர் அறையில் நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான்: "சார், திங்கட்கிழமை காலையில லைன் இல்ல. லிஸ்டை நான் புதுசா எடுக்கவே இல்ல. எடுத்துட்டேன்னு இவகிட்ட பொய் சொன்னேன்." நீ என் பக்கத்தில்தான் நின்றிருந்தாய்.

இன்று காலை கம்ப்யூட்டர் அறையைத் திறந்து முதல் மெஷினைச் சோதித்தபோது, புதுப்பிக்க எதுவும் இல்லை என்று திரையில் வந்தது. அந்த ஒரு வரியை இன்னும் என்னால் ஒரே தடவையில் நம்ப முடிவதில்லை. அதனால் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஆம்பூரில் அந்த ஷூ கம்பெனிக்கு இருபத்திரண்டு கம்ப்யூட்டர்கள். அவற்றைப் பார்த்துக்கொள்ள நாம் இரண்டு பேர். நான் ஒடுகத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவேன். நீ கம்பெனிக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளியிருந்து நடந்தே வருவாய். ஒவ்வொரு மெஷினிலும் போட்டிருக்கும் மென்பொருள் பேக்கேஜ்கள் புது வெர்ஷனில் இருக்கின்றனவா என்று பார்ப்பது திங்கட்கிழமை வேலை. தோல் தரம் பிரிக்கும் அறையில் ஒருவர் ஜன்னல் வெளிச்சத்தில் தோலைப் பார்த்து முத்திரை குத்துவார். இன்னொருவர் அதைத் திருப்பிப் போட்டு மறுபடி பார்த்து, தன் முத்திரையைக் குத்துவார். "தோலுக்கே ரெண்டு பேர் பாக்கறாங்க, இதுக்கு ஒருத்தி போதுமா?" என்று கேட்டு, நம் சோதனைத் தாளிலும் இரண்டு கையெழுத்துக்கு இடம் விட்டது நீதான்.

அந்த அறையின் இன்னொரு வழக்கமும் கூடவே வந்துவிட்டது. பிறகு குறை தெரிந்தால், கடைசி முத்திரை யாருடையதோ அவர்தான் பொறுப்பு. அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாய். "அப்ப ரெண்டாவது கையெழுத்து நான் போடறேன். நீ அழுதுடுவே."

அது நோன்பு மாதம். அந்தத் திங்கட்கிழமை காலை சாலையில் எங்கோ பள்ளம் தோண்டி, இணைய லைன் அறுந்திருந்தது. லைன் இல்லாவிட்டாலும் சோதனை ஓடும். கம்ப்யூட்டர் தன்னிடம் இருக்கும் பழைய வெர்ஷன் பட்டியலோடு ஒப்பிட்டு, எல்லாம் சரி என்று சொல்லிவிடும். வெளியே புதிதாக என்ன வந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மதியம் லைன் வந்துவிட்டது. பட்டியலைப் புதிதாக இறக்கி, இருபத்திரண்டையும் மறுபடி பார்த்தால் ஐந்து மணி பஸ் போய்விடும். 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"லிஸ்டு புதுசா எடுத்தியாடி?"

"எடுத்துட்டேன். நீ கெளம்பு, கஞ்சி ஆறிடப் போவுது."

"இந்த வெயில்ல கஞ்சி எங்க ஆறும்? நான்தான் காஞ்சி கெடக்கறேன்." நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாய்.

வியாழக்கிழமை, தோல் வெட்டும் மெஷின்களுக்கான அளவுக் கோப்புகள் ஒன்றுகூடத் திறக்கவில்லை. யாரோ வெளியிலிருந்து நுழைந்து எல்லாவற்றையும் பூட்டியிருந்தார்கள். அவர்கள் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் முந்தின வாரமே வந்திருந்தது. வெட்டும் பகுதியும் தைக்கும் பகுதியும் ஒன்றரை நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

மேனேஜர் தாளை மேசைமேல் போட்டார். "ரெண்டாவது கையெழுத்து யாருது?"

"என்னுது சார்."

"மறுபடி பாத்துட்டுத்தான் போட்டியா?"

"இல்ல சார். அவ பாத்தா நான் பாத்த மாதிரின்னு போட்டுட்டேன்."

"அப்புறம் எதுக்கும்மா ரெண்டாவது கையெழுத்து?"

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை போய்விட்டால் அடுத்த வாரமே எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள் என்பது ஒன்றுதான் அப்போது மனத்தில் ஓடியது. பிறகு பல நாட்கள், மறுபடி பார்க்காதது உன் தவறுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை இருந்ததுதான் வசதியாகப் போயிற்று.

உன்னை அன்றே நிறுத்திவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து வேலூரில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாய். அங்கிருந்து ஒருநாள் போன் செய்தாய்.

"இன்னாடி, பஸ்ஸைப் புடிச்சிட்டியா?"

"ம்."

"ஒண்ணு சொல்லணும். லைன் இல்லாதப்ப செக் பண்ணா பழைய லிஸ்டை வெச்சித்தான் சொல்லும். மொதல்ல லிஸ்டை எடு. மறந்துடாத."

எல்லாம் உனக்குத் தெரிந்திருந்தது. குரலில் கோபம் இல்லை. நீ காத்திருந்தாய், உன் பின்னால் யாரோ பில் கேட்பது எனக்குக் கேட்டது. நான் "சரி" என்றேன். "வெச்சிடறேன், ஆளுங்க நிக்கறாங்க" என்றாய். அதற்கப்புறம் நாம் பேசவில்லை. மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. எட்டே நாளில் போய்விட்டாய்.

இப்போது உன் இடத்தில் இன்னொரு பெண் இருக்கிறாள். அவள் முதலில் பார்க்கிறாள். லைன் நன்றாக இருந்தாலும் பட்டியலை நான் புதிதாக இறக்குகிறேன். ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து மறுபடி பார்க்கிறேன். இரண்டாவது கையெழுத்து என்னுடையது. அவளுக்கு என்மேல் சலிப்பு. "எம்மேல நம்பிக்கையே இல்லியாக்கா?" என்கிறாள். நம்பிக்கை இல்லாதது யார்மேல் என்று அவளிடம் சொன்னதில்லை.

உனக்காக நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதியபோது உன் வீட்டுக்கு வந்திருந்தேன். உன் அம்மா என் கையை விடவே இல்லை. மறுநாள் காலை மேனேஜர் அறைக்குப் போய், அன்று சொல்லாததை முழுவதும் சொன்னேன். "இதை அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். பிறகு ஒரு தாளை இழுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். "அந்தப் பொண்ணு நம்பர் சொல்லு. திரும்ப வரச் சொல்லலாம்."

வேலையை விட்டுப் போனவர்களின் செய்தி மாடியில் இருக்கும் அந்த அறைக்கு ஏறுவதில்லை. நான்தான் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை.