நிற்பதற்கென்று ஒரு கார்

10 நவம்பர், திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. ஜொகூர் பாருவிலிருந்து பத்து பாகாட் (ப.பா.) பெயின்ட் பட்டறைக்கு இரண்டு மணி நேரம். வழியில் ஆயர் ஈத்தாமில் ஒரு டீ.  

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வாடிக்கையாளர்கள் நாங்கள் வடிவமைத்த மாதிரிக் காரைப் பார்க்க வருகிறார்கள். இன்னும் நான்கு நாள். பிடிக்கவில்லை என்றால் டிசைன் ஸ்டூடியோவை டிசம்பரோடு மூடிவிடுவதாக முதலாளி மிஸ் லிம் சொல்லிவிட்டார். எட்டுப் பேருக்கு வேலை போகும். எனக்கு அப்புறம் சிங்கப்பூர்தான். கணவர் பிரகாஷோடு நானும் இருட்டிலேயே எழுந்து எல்லைப் பாலத்துக் காஸ்வே வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசைக்காகக் கார் வரைந்தவளே கடைசியில் அந்த வரிசையில். பிரகாஷ் இதைச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காருக்குப் பக்கத்தில் வைக்கும் விளக்கப் போர்டில் ஒட்ட வேண்டியவை. போன வருடம் பிரகாஷும் அவர் வேலையிட நண்பர்களும் போகிற காரில் இரண்டு வாரம் கூடவே போய் எழுதியது:
– பல் தேய்க்கிறார்கள். துப்புவது பாட்டிலில்.
– நாசி லெமாக் சோறு, மடியில். பாஸ்போர்ட்டில் மிளகாய்ச் சம்பல்.
– சட்டை மாற்றுதல், முழங்கை கண்ணாடியில் இடிக்க.
– வாய் திறந்த தூக்கம் (பிரகாஷ்).
– பக்கத்துக் காரில் ஒருவர் ஸ்டீயரிங்கில் தலை வைத்து அழுதார். இது போர்டில் வேண்டாம்.

கான்செப்ட் கார் என்றாலே பாய்கிற மூக்கு, ராட்சச சக்கரம், கைப்பிடி இல்லாத கதவு. உள்ளே உட்கார்ந்தால் தலை இடிக்கும். யாரும் ஓட்டப் போவதில்லை, அதனால் வாய்க்கு வந்தபடி பொய் சொல்லலாம். நம்முடையது நிற்பதற்கென்றே ஒரு கார். ஸ்டீயரிங் மடிந்து உள்ளே போகும், இருக்கை பின்னால் நகரும், காலை நீட்டலாம். இதுவும் பொய்தான், எஞ்சின் கிடையாது, வெறும் ஃபைபர் கூடு. ஆனாலும் நான் நம்புகிற பொய்.

மேல்பூச்சு முழுக்க என் பிடிவாதம். ஆயர் ஈத்தாம் பானைக்கடையில் பார்த்த சுடாத பானையின் நிறம். பளபளப்பு வார்னிஷ் கிடையாது. தொட்டால் மண் மாதிரி உறிஞ்சும். போர்டில் என் வரி: ‘தொட்டவர்களின் தடத்தை ஏற்றுக்கொள்ளும் உடல்.’ மிஸ் லிம்முக்கு இந்த வரி மேல் உயிர்.

பெயின்ட் அடிப்பவர் பாக் சாலே. அறுபது வயது. ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்துக் கம்பத்தில், மலாய்க் கிராமத்தில், வளர்ந்தவர், தமிழ் பேசுவார். நிறம் என் பொறுப்பு என்பதால் ஒவ்வொரு பூச்சுக்கும் நான் நேரில் வந்து சரி சொல்ல வேண்டும். இன்று கடைசிப் பூச்சுக்குச் சரி சொன்னேன்.

“மழ காலம் லா, தங்கச்சி. மெதுவா காயும். தொடாத.”

தொட மாட்டேன் என்றேன்.

11 நவம்பர், செவ்வாய்

மழை. குளுவாங்கிலிருந்து அம்மா போன்.

“பூச போட்டாச்சா?”

“எதுக்கும்மா?”

“புது வண்டி லா. ஒரு பொட்டுகூட வைக்காமலா அனுப்புவ?”

“அதுல எஞ்சினே இல்லம்மா.”

“அதெல்லாம் சாமி பாக்குமா?”

சிரித்துவிட்டு வைத்தேன். பிறகு ப.பா. வரும்வரை அதே நினைப்பு. சக்கரம் நுரையில் செதுக்கியது, சுற்றாது, எலுமிச்சம்பழம் நசுக்க வழியில்லை. இந்த மாதிரி விஷயங்களில் வீட்டில் எல்லோரையும் கேலி செய்கிறவள் நான்.

மாலை ஐந்துக்குப் பாக் சாலே தொழப் போனார். பட்டறையில் நானும் காரும். கைப்பையில் தீபாவளி அர்ச்சனைக் குங்குமம், சின்னப் பொட்டலம். பாட்டில் தண்ணீரில் விரலை நனைத்தேன். காரின் முன்மூடியான பானெட் நடுவில் ஒரே ஒரு பொட்டு. மனதில் முழுப் பிரார்த்தனைகூட இல்லை, ‘மூட விடாதே’ என்று இரண்டே வார்த்தை. ஒரு நிமிடம் வைத்துத் துடைத்துவிடலாம் என்று.

துடைத்தேன். போகவில்லை.

ஈரத் துணியால் துடைத்தேன். பெரிதானது. ஐம்பது காசு நாணயம் அளவு, ஓரம் மங்கி, நடு நல்ல சிவப்பு. பூச்சு அதைக் குடித்துவிட்டது. உறிஞ்ச வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியது நானேதான்.

காரின் மேல் உறையை இழுத்து மூடினேன். பாக் சாலே திரும்பி வந்தார், நாளைக் காலை வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். முகத்தைப் பார்க்கவில்லை.  பிரகாஷிடம் சொல்லவில்லை. முட்டைக் குழம்பு, உப்பு போட மறந்தேன்.

12 நவம்பர், புதன்

வெயில். ஒரு வாரத்தில் முதல் தடவை. துணி துவைத்துக் காயப்போட்டேன்.

ப.பா. போகவில்லை. போர்டு வேலை இருக்கிறது என்று எனக்கே சாக்கு சொல்லிக்கொண்டேன். ஒன்பதுக்குப் பாக் சாலே போன்.

“இன்னைக்கி வர்றேன்னு சொன்னல்ல?”

“வேல இருக்கு பாக். நாளைக்கி வர்றேன்.”

“நல்ல வெயிலு.”

“ஆமா.”

அவர் பக்கம் டின்னில் கரண்டி தட்டும் சத்தம். பிறகு, “சரி லா” என்று வைத்துவிட்டார். பார்த்திருப்பாரோ? பார்த்திருந்தால் கேட்டிருப்பார். கேட்கவில்லை, அதனால் பார்க்கவில்லை. பத்து தடவை இதையே சொல்லிக்கொண்டேன்.

நான் பாவி. மதியம் மிஸ் லிம் தானாகவே பட்டறைக்குப் போயிருக்கிறார். மூன்றரைக்கு எல்லோரையும் கூட்டி உட்கார வைத்தார். போனில் படம். பெரிதாக்கிக் காட்டினார். கூரை ஒழுகித் துருத் தண்ணீர் விழுந்திருக்கிறதாம். பாக் சாலேயின் அலட்சியமாம். கேட்டதற்கு அவர் ‘மன்னிச்சிடுங்க மிஸ்’ என்று மட்டும் சொன்னாராம். இனி அந்தப் பட்டறைக்கு ஒரு வேலைகூடத் தரமாட்டாராம், தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லிவிடுவாராம்.

இப்போது சொல், இப்போது சொல் என்று உள்ளே ஒரு குரல். நான் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். “வாணி, உனக்கு ஏதாவது தோணுதா?” என்று கேட்டார். “மறுபடி அடிக்க முடியுமா?” என்றேன். வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான். காயக் குறைந்தது ஒரு நாள் வெயில் வேண்டும், இனி முடியாது என்றார்.

நான்கு மணிக்கு மறுபடி மழை. காயப்போட்ட துணி முழுக்க நனைந்தது. வெட்கமாக இருக்கிறது. எழுதிப் பார்த்தாலாவது குறையுமா என்று எழுதுகிறேன். குறையவில்லை.

13 நவம்பர், வியாழன்

காலை நாலே முக்காலுக்குப் பிரகாஷ் சாக்ஸ் போடும்போது சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

“அந்தப் பெரியவர்ட்ட சொன்னியா?”

“இல்ல.”

“மொதல்ல அத செய் லா.” நண்பர்களின் காருக்கு ஓடிவிட்டார்.

மழையில் ப.பா. காரை ஏற்றிப்போக லாரி வருவதற்கு முன் போய்ச் சேர்ந்தேன். பாக் சாலே உறையை மடித்துக்கொண்டிருந்தார்.

“பாக், அந்த செவப்பு...”

“தெரியும் லா.”

“எப்போ?”

“செவ்வாக்கெழம. நீ போன ஒடனே.” கையை உதறிக்கொண்டே வந்தார். “இருவத்தஞ்சு வருசமா ஒங்க ஆளுங்க லாரிக்கு பெயின்ட் அடிக்கிறேன். எனக்குத் தெரியாதா? அப்புறம் அளந்து பாத்தேன்.” டேப்பை எடுத்து இரண்டு பக்கமும் பிடித்துக் காட்டினார். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவு. “தண்ணி ஒழுகுனா இப்படி நடுவுல விழுமா? இது டிசைன் ஆளு கை.”

அந்தப் பதற்றத்திலும் சரியாக மையத்தில் வைத்திருக்கிறேன். படித்த படிப்பு அங்கே மட்டும் வேலை செய்திருக்கிறது.

“மிஸ் கேட்டப்போ ஏன் சொல்லல?”

“நீ சொல்லுவேன்னு நெனச்சேன்.”

திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அழுதுவிட்டேன். அவர் சங்கடப்பட்டு காரைக் கட்டும் கயிற்றை எடுக்கப் போய்விட்டார்.

அவர் கண் முன்னாலேயே மிஸ் லிம்முக்குப் போன் செய்தேன். எல்லாம் சொன்னேன்.  பிறகு, கார் அப்படியே வரட்டும், நாளைக்கு அவர்களிடம் நீயே பேசு என்றார். பாக் சாலேயிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். என்ன பேசினார் தெரியாது. அவர் “தாப்பாலா மிஸ், தாப்பாலா” என்று பரவாயில்லை சொல்லிக்கொண்டே இருந்தார்.

14 நவம்பர், வெள்ளி

தூறல். தலைவலி மாத்திரை ஒன்று, காலைச் சாப்பாடு இல்லை. நீலச் சட்டை. வியர்வை தெரியும் என்று வெள்ளைக்கு மாற்றினேன்.

நான்கு பேர் வந்தார்கள். தலைவி ஐம்பது தாண்டிய அம்மா, நரை முடி, சின்னக் குரல். மடிகிற ஸ்டீயரிங்கைத் திரும்பத் திரும்ப மடித்துப் பார்த்தார். பல் தேய்ப்புப் பட்டியலைப் படித்துச் சிரித்தார். செருப்பைக் கழற்றிவிட்டு இருக்கையில் காலை நீட்டினார். நான் மூச்சு விட்டேன்.

பிறகு பானெட். குனிந்து பார்த்தார். “இது வடிவமைப்பில் சேர்ந்ததா?”

ஆமாம் என்று சொல்ல ஒரு வாய்ப்பு. போர்டில் வரி பக்கத்திலேயே இருந்தது. மிஸ் லிம்மின் கண் ‘சொல்லிவிடு’ என்றது. என் வாயும் பாதி திறந்தது.

இல்லை என்றேன். பயத்தில் நான் வைத்த பொட்டு, துடைத்தேன், போகவில்லை, பிறகு மூடி மறைத்தேன். பெயின்ட் அடித்தவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

அவர் முகத்தில் கோபம் இல்லை. போர்டைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார், பிறகு நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவராகக் கேட்டார்: “தடத்தை ஏற்றுக்கொள்ளும் உடல் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் தடம் விழுந்ததும் ஏன் மறைத்தீர்கள்?”

போர்டில் என் வரியைத் திரும்பப் படித்தேன்.  நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். முடிவு திங்கள்.

17 நவம்பர், திங்கள்

மழை விட்டு விட்டு.

ஒன்பதே காலுக்கு மின்னஞ்சல். மிஸ் லிம் சத்தமாகப் படித்தார். இருக்கையும் மடிகிற ஸ்டீயரிங்கும் வேண்டும், அடுத்த ஆறு மாதத்துக்கு வேலை. மேல்பூச்சு வேண்டாம். பயன்படுத்தத் தகாதது. வழக்கமான பளபளப்பு வார்னிஷ் போதும்.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஸ்டூடியோ பிழைத்தது, நான் காஸ்வேக்குப் போக வேண்டாம், பிரகாஷுக்குச் செய்தி அனுப்பினேன், கட்டைவிரல் படம் வந்தது. என் பானை நிறம் போனது. ஒரு கான்செப்ட் காரில் ஏதோ ஒன்று மிஞ்சும், மிச்சம் குப்பை, எல்லா இடத்திலும் இதுதான் நடப்பு. ஆனாலும் நெஞ்சு எரிந்தது.

மதியம், பூச்சு அடித்துப் பார்த்த மாதிரித் தட்டுகளைத் திருப்பி எடுக்க ப.பா. அடுத்த வேலையும் பாக் சாலேக்குத்தான் என்று மிஸ் லிம் சொல்லச் சொன்னார். சொன்னேன். தலையாட்டினார், தே ஓ, பாலில்லாத டீ, கலக்கப் போனார்.

அலமாரியில் தட்டுகளை எடுக்கும்போது பின்னால் ஒரு டின். என் பானை நிறம். மூடியில் மார்க்கரில் ‘RABU’, மலாயில் புதன். திறந்தேன். உள்ளே கல். கெட்டியாக்கும் மருந்து கலந்துவிட்டால் நாலைந்து மணி நேரம்தான் தாங்கும், பிறகு டின்னோடு இறுகிவிடும். ஒரு பானெட்டுக்கு அளந்து கலந்த அளவு. கரண்டி அதிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது.

“பாக், இது என்ன?”

இரண்டு கப்போடு வந்தவர் எட்டிப் பார்த்தார்.

“அதுவா. காலையில நீ வந்து சரி சொன்னா மறுபடி அடிச்சிரலாம்னு கலந்து வச்சேன்.” ஒரு கப்பை என்னிடம் நீட்டினார். “புதங்கெழம நல்ல வெயிலு லா.”