இருபத்திரண்டாவது ஜோடி

அக்டோபர் 18, வெள்ளி
மழை பிடித்துக்கொண்டது. குளியலறையில் பூரான். ஆமினா செருப்பை ஓங்கினாள். நான் குறுக்கே பாய்ந்து ஊறுகாய் பாட்டிலில் பிடித்துவிட்டேன். இருபத்தாறு வருடம் பள்ளியில் விலங்கியல் நடத்துபவனால் கால்களை எண்ணாமல் இருக்க முடியுமா? இருபத்திரண்டு ஜோடி!

பூரானுக்குக் கால் ஜோடி எப்போதும் ஒற்றைப்படைதான். முட்டைக்குள் உடம்பின் கண்டங்கள் இரண்டிரண்டாக உருவாகின்றன, முதல் கண்டத்தின் கால்கள் விஷக் கொடுக்காகிவிடுகின்றன, அதனால் மிச்சம் ஒற்றை என்பார்கள். கொடுக்கையும் சேர்த்து எண்ணினேனோ? இல்லை. மூன்று முறை எண்ணினேன்.

அக்டோபர் 19
திருச்சியில் பேராசிரியை ஷோபனாவுக்குப் போன் செய்தேன். “உண்மையா இருந்தா பெரிய விஷயம் சார். திங்கக்கிழமை உயிரோட கொண்டு வாங்க” என்றார். ஓய்வு பெறப்போகிற வயதில் ஆய்வுக் கட்டுரையில் என் பெயர்! தலைகால் புரியவில்லை.

அக்டோபர் 20
பாட்டில் காலி. பாவம், மூச்சு முட்டக் கூடாதே என்று மூடியில் ஓட்டை போட்டேன். கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டேன்.

ஆமினா பூதலூரில் ரயிலேறி, முத்துப்பேட்டையில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். “அதப் புடிச்சிட்டுக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் அந்த வாசப்படிய மிதிக்கமாட்டேன்.”

அக்டோபர் 22
அரிசி மூட்டையைக்கூடக் கொட்டிப் பார்த்தாயிற்று. ரசம் வைத்தேன். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

அக்டோபர் 24
வாஷிங் மெஷினுக்கு அடியில் கிடைத்தது! எண்ணினேன். இருபத்தொன்று. மறுபடியும் இருபத்தொன்று. உடைந்த கால் ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் — அன்றைக்கு நான் தப்பாக எண்ணியிருக்க வேண்டும். இல்லையென்றால் இது வேறு பூரான். என்னுடையது இன்னும் வீட்டுக்குள் திரிகிறது. என் கணக்கு சரியென்றால் ஆமினா வரமாட்டாள். அவள் வரவேண்டுமென்றால் நான் மடையன். கொடுக்கு எது கால் எதுன்னு தெரியாதவனாய்யா நான்?

ஆனால் அவள் இல்லாத வீடு நன்றாகவே இல்லை.

அக்டோபர் 25
“கொடுக்கையும் சேத்து எண்ணிட்டேன் மேடம்.”

“எல்லாருக்கும் நடக்கறதுதான் சார்” என்றார் ஷோபனா. அந்தக் கனிவைத்தான் தாங்க முடியவில்லை.

அப்புறம் ஆமினா. “அதேதானா? நல்லாப் பாத்தீங்களா?”

“எண்ணியே பாத்துட்டேன்.”

அக்டோபர் 27
ஆமினா வந்துவிட்டாள். மீன் குழம்பு வைத்து, தரையில் சம்மணமிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டாள். நான் நாற்காலியில், இரண்டு காலையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

“காலுக்கு என்னங்க?” என்றாள்.

மூட்டுவலி என்றேன்.