பத்தாவது ரீலுக்கு ஒரு சாட்சி

எடிசன், நியூ ஜெர்சி
9.6.2002

அன்புள்ள குமரா,

நீயும் புவனேஸ்வரியும் குழந்தைகளும் சௌக்கியம்தானே? எனக்கு உடம்பு சௌக்கியம், மனசுதான் சரியில்லை. காரணத்தைச் சொன்னால் சிரிப்பாய். சிரித்துவிட்டுப் படி.

நம் ‘கடைசிக் கோள்’ இங்கிலீஷ் படத்துக்கு முந்தின கதை என்று இப்போது எடுக்கிறார்களே, அந்த முன்கதைப் படங்களில் இரண்டாவது போன மாதம் இங்கே வந்துவிட்டது. அதில் பழசையெல்லாம் நினைத்துக் கதை சொல்லும் வயதான ஐலா, “என் தம்பியை விட்டுவிட்டுக் கப்பல் கதவை மூடினேன், அப்புறம் அவனைப் பார்க்கவே இல்லை” என்று சொல்கிறாள். பொய்! நாம் பார்த்த பழைய படத்தில் என்ன நடந்தது? கதவை மூடுகிறாள். அப்புறம் மனசு கேட்காமல் திரும்பி வந்து தம்பி கோரனைக் கட்டி அழுகிறாள். படமே அங்கேதானே முடிகிறது. இப்போது கடையில் கிடைக்கும் டிவிடியில் கட்டிக்கொள்வது முன்னால், கதவு மூடுவது பின்னால். பழைய கேசட்டுகளிலும் இதே மாதிரிதான். முன்கதைக்குத் தோதாக இருக்கட்டும் என்று அப்போதே மாற்றிவிட்டார்கள் என்பது என் வாதம்.

என் இணையதளத்தில் நாலாயிரம் பேர் இதைப் பற்றித்தான் அடித்துக்கொள்கிறார்கள். எதிர்க் கோஷ்டிக்குத் தலைவன் தாவீது என்று ஒரு மெட்ராஸ்காரன். இப்போது டல்லாஸில் இருக்கிறான். மெட்ராஸில் பார்த்தபோதே டிவிடி மாதிரிதான் இருந்தது என்று சாதிக்கிறான். ஆகஸ்ட் 17 சிகாகோவில் ரசிகர் கூட்டம். மேடையில் நானும் அவனும் நேருக்கு நேர்.

1984-ல் நம் ஊரில் அந்தப் படத்தைப் பத்தொன்பது நாள் ஓட்டிய ஆபரேட்டர் நீ. கதவு முதலில், கட்டிக்கொள்வது கடைசியில் என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஆபீஸில் என்னை யாரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை, குமரா. இந்தத் தளத்தில்தான் நான் வாயைத் திறந்தால் கேட்கிறார்கள். அது போய்விடக்கூடாது.

உன்
வாசு

*

பிள்ளையார்பாளையம்
காஞ்சிபுரம்
22.6.2002

அன்புள்ள வாசு,

உன் கடிதம் கிடைத்தது. சிரிக்கச் சொன்னாய், சிரித்தேன். எங்கள் வீட்டில் எல்லோரும் நலம். பெரியவனுக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கு பார்டரில் பாஸ். கருட சேவையன்று உன் அண்ணன் பாச்சாவைக் கூட்டத்தில் பார்த்தேன். வாசு கடிதம் போடுகிறானா என்று என்னைக் கேட்டார். அண்ணனுக்கும் நாலு வரி எழுதப்பா. எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

உங்கள் தெருவில், கோயிலில் எந்தப் பாட்டை யார் முதலில் பாடுவது என்று தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டுக்கு நடந்தவர்கள் உண்டு. நீ அதெல்லாம் வேண்டாம் என்று கடல் தாண்டிப் போய், எது முன்னால் எது பின்னால் என்று அங்கேயும் ஒரு வழக்கு போட்டிருக்கிறாய். ரத்தம் விடுமா?

நீ கேட்ட விஷயம். பதினெட்டு வருஷமாகிவிட்டது. அதற்கப்புறம் எத்தனையோ படம் ஓட்டிவிட்டேன், சரியாக ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாததற்குக் கையெழுத்துப் போடுவது எப்படி? தாவீது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். மேடை கீடை எல்லாம் வேண்டாம் என்று விட்டுவிடேன்.

புவனா உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

உன்
குமரா

*

எடிசன்
6.7.2002

குமரா,

ஞாபகம் இல்லையா? உனக்கா? 1991-ல் நீ எழுதின கடிதம் என் மேஜைமேல் இருக்கிறது. “ஐலாவின் கைக்கட்டு பற்றி நீ சொன்னதுதான் சரி” என்று உன் கையெழுத்தில் இருக்கிறது. கதவை மூடும்போது அவள் இடது கையில் கட்டு. தம்பியைக் கட்டிக்கொள்ளும்போது கட்டும் இல்லை, காயமும் இல்லை. அந்தக் கோளின் வெளிச்சத்துக்குக் காயம் ஆற்றும் சக்தி உண்டு என்று நான் கண்டுபிடித்தேன். நாற்பது பக்கக் கட்டுரை எழுதியிருக்கிறேன், மூன்று மொழியில் போட்டிருக்கிறார்கள். என் பெயரே அதனால்தான். தாவீது சொல்வது சரியென்றால், காயம்படுவதற்கு முன்னால் அவள் கையில் கட்டு இல்லை, அவ்வளவுதான். என் நாற்பது பக்கமும் குப்பைக்குப் போகும்.

சாட்சிக் கடிதம் வருகிறது என்று நான் அறிவித்துவிட்டேன். “வாசுதேவின் ஆபரேட்டர் ஏன் இன்னும் வாயைத் திறக்கவில்லை?” என்று தாவீது தினமும் கேட்கிறான். நீ என்னடாவென்றால் பிள்ளையின் கணக்கு மார்க் எழுதுகிறாய்.

நேராகக் கேட்கிறேன். தாவீது உனக்கு எழுதினானா? அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாயா? ஒரு பக்கம்தானே கேட்டேன், சொத்தையா எழுதிவைக்கச் சொன்னேன்? உடனே அனுப்பு.

வாசு

*

பிள்ளையார்பாளையம்
19.7.2002

அன்புள்ள வாசு,

மூன்று நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். “ஒரு படத்துக்காவா இப்டி சோறு திங்காம குந்திக்கினு இருக்க?” என்று புவனா கத்துகிறாள். ஒரு படத்துக்காகத்தான்.

ஞாபகம் இல்லை என்று எழுதியது பொய். எல்லாம் ஞாபகம் இருக்கிறது. தாவீது சொல்வதுதான் சரி.

அப்போது அந்தப் படத்துக்கு ஒரே ஒரு பிரிண்ட். வாலாஜாபாத் தியேட்டருக்கும் நமக்கும் சேர்த்து வந்தது. அங்கே ஓடி முடிந்த ரீல்களை எங்கள் தியேட்டர் ஆள் பழனி மோட்டார் சைக்கிளில் பெட்டியில் வைத்துக் கட்டி இங்கே கொண்டுவருவார். மொத்தம் பன்னிரண்டு ரீல். முதல் நாள் மாலை ஆட்டம், ஒன்பதாவது ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்டியைத் திறந்தால் பத்து இல்லை, பதினொன்று இருக்கிறது. பத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். திரும்ப ஓடினார். ஒன்பது முடிந்து கால் மணி நேரம் வெள்ளைத் திரைதான். ஜனம் நாற்காலியை உடைக்க ஆரம்பித்தது. வேறு வழி தெரியாமல் பதினொன்றை மாட்டிவிட்டேன். கதவை மூடுகிற ரீல் அது. முடிகிற நேரத்துக்குப் பழனி பத்தோடு வந்து சேர்ந்தார். அக்காவும் தம்பியும் கட்டிக்கொள்கிற ரீல். அதைப் போட்டேன். பன்னிரண்டில் கப்பல் தனியாகப் பறப்பதும் பெயர்களும்தான், அதில் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

ஜனம் எழுந்து நின்று கை தட்டியது. வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். முதலாளி ஆதிகேசவன் தோளில் தட்டினார். “வாலாஜாபாத்துல எல்லாம் அழுதுக்கினு போவுதுங்களாம். இங்க சிரிச்சிக்கினு போவுது. இப்டியே ஓட்டுபா. இங்கிலீஷ் பேசறது எவனுக்குத் தெரியப் போவுது?” பத்தொன்பது நாளும் அப்படியே ஓட்டினேன்.

ஒருத்தனுக்கு இங்கிலீஷ் தெரிந்திருந்தது. அடுத்த நாள் காலை நீ சைக்கிளை மிதித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாய். காலேஜில் மூன்று வருஷம் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தும் அதுவரை என்னோடு பத்து வார்த்தை பேசியதில்லை நீ. சின்னக் காஞ்சிபுரத்து வாத்தியார் பிள்ளை எங்கள் சந்தில் வந்து நிற்கிறாய், அம்மா பதறிப்போய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். கட்டு எப்படிக் காணாமல் போயிற்று என்று என்னைக் கேட்டாய். சொல்லிவிட வாயெடுத்தேன். அதற்குள் நீயே அந்த வெளிச்சம் என்று ஆரம்பித்துவிட்டாய். கண்ணெல்லாம் பளபளக்கப் பேசினாய். சொன்னால் எழுந்து போய்விடுவாய், மறுபடி வரமாட்டாய் என்று எனக்குப் பயம். தலையை ஆட்டினேன். அன்றைக்கு ஆட்ட ஆரம்பித்தது, இன்னும் ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

தப்பு என்னுடையது. மேடையில் என் பெயரைச் சொல், ஆபரேட்டர் மாற்றி ஓட்டிவிட்டான் என்று சொல். எனக்குக் கோபம் வராது. ஆதிகேசவன் பெயரை மட்டும் விட்டுவிடு, அவர் மகனிடம்தான் இப்போது வேலை செய்கிறேன். திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்
குமரா

*

எடிசன்
1.8.2002

குமரா,

உன் கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன். சிரிப்பு வரவில்லை.

இதை நீ 1984-ல் சொல்லியிருக்கலாம். நான் கட்டுரை எழுதினபோது சொல்லியிருக்கலாம். இப்போது சொல்கிறாய், மேடைக்குப் பதினாறு நாள் இருக்கும்போது.

உனக்கு ஒன்று தெரிய வேண்டும். உன் சாட்சிக் கடிதம் ஜூலை 15 அன்றே தளத்தில் வந்துவிட்டது. நான்தான் எழுதினேன். நீ எப்படியும் இதைத்தான் எழுதுவாய் என்று நினைத்தேன், தபாலுக்குக் காத்திருக்க நேரமில்லை. உன் பழைய கடிதத்திலிருந்து கையெழுத்தை ஸ்கேன் செய்து அடியில் சேர்த்தேன். எல்லோரும் நம்பிவிட்டார்கள். தாவீதின் ஆட்களே பாதிப் பேர் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள்.

இனி நீ ஒன்றும் எழுத வேண்டாம். யாராவது கேட்டால் ஆமாம் என்று சொன்னால் போதும். பதினெட்டு வருஷம் தலையாட்டினவனுக்கு இன்னும் ஒரு மாதம் ஆட்டுவது கஷ்டமா?

வாசு

*

காஞ்சிபுரம்
29.8.2002

திரு. வாசுதேவ் அவர்களுக்கு,

வணக்கம். சிகாகோவில் நீங்கள் ஜெயித்துவிட்டதாக உங்கள் அண்ணன் மகள் ஸிந்துஜா சொன்னாள். வாழ்த்துகள்.

அவளைக் கூட்டிக்கொண்டுதான் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போனேன். உங்கள் இணையதளத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். என் கடிதத்தை அவள் வாசித்துத் தமிழில் சொன்னாள். “இங்கிலீஷ் பிரமாதமா இருக்கே மாமா, நீங்களா எழுதினேள்?” என்று கேட்டாள். நான் ஒரு ஏழை நெசவாளி என்றும், பட்டு நெய்து தேய்ந்த கைகளுக்குப் பொய் எழுதத் தெரியாது என்றும் அதில் இருக்கிறது. எங்கள் வீட்டுத் தறியில் நெய்வது என் தம்பி. எனக்கு அறுந்த இழையை முடியக்கூட வராது. அது உங்களுக்குத் தெரியும். ஆபரேட்டர் லைசென்ஸ் வாங்கி இருபது வருஷமாகிறது, அது அவர்களுக்குப் போதாது போலிருக்கிறது.

கீழே இருநூறு பேருக்குமேல் என்னைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். அவள் படிக்கப் படிக்க எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் பெண் உட்கார்ந்திருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

நானே உண்மையை எழுதிவிடலாம் என்று ஸிந்துஜாவைத் தட்டச் சொன்னேன். முதலில் பெயர் பதிய வேண்டுமாம். குமரகுரு என்று போட்டாள். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், வேறு பெயர் தேர்ந்தெடுக்கவும் என்று சிவப்பு எழுத்தில் வந்தது. கடைசியில் குமரகுரு-2 என்று போட்டால்தான் உள்ளே விட்டது. பழனி, பெட்டி, பத்தாவது ரீல் எல்லாவற்றையும் எழுதினோம். ஆதிகேசவன் பெயரை எழுதவில்லை.

இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தோம். நான் தாவீது அனுப்பின ஆள் என்று ஒருவர் எழுதியிருந்தார். எதுவானாலும் உண்மையான குமரகுரு வந்து சொல்லட்டும் என்று கனடாவிலிருந்து ஒரு அம்மாள் எழுதியிருந்தார். அதற்குக் கீழே குமரகுருவே வந்து பதில் சொல்லியிருந்தார். ஸிந்துஜா அதை வாசிக்கவில்லை. நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். “இந்த ஆளை எனக்குத் தெரியாது.”

ரீலை மாற்றி ஓட்டியது என் தப்பு. அதை மறைத்ததும் என் தப்புதான். அதற்கு நீங்கள் எவ்வளவு திட்டியிருந்தாலும் வாங்கிக்கொண்டு, அடுத்த கடிதத்துக்குக் காத்திருந்திருப்பேன்.

இதுவரை நீங்கள் எனக்கு எழுதிய கடிதங்களையெல்லாம் கட்டி உங்கள் அண்ணன் வீட்டில் கொடுத்துவிட்டேன். என் கடிதங்களை எனக்குத் திருப்பி அனுப்பவும். அவற்றில் என் கையெழுத்து இருக்கிறது.

இப்படிக்கு,
த. குமரகுரு