புடவை வளரவில்லை, அக்கா

என் உயிரான அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி நாற்பது நாள் ஆகிறது. பென் தான் என்கிற பெரிய சந்தைப் பக்கத்தில் இருக்கும் நம் துணிக்கடையை நேற்றுதான் திறந்தேன். உன் முக்காலியில் வேறு யாரையும் உட்காரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காலையில், புடவை தரையில் புரளக் கடைக்கு வந்து நின்றாயே, நினைவிருக்கிறதா?

"தம்பி, பொடவை அகலத்தக் கூட்டிட்டாங்க போலருக்குடா. எப்படிக் கட்டுனாலும் தரையில இழுவுது."

அவ்வளவுதான், மீட்டர் கோலை எடுத்து அளந்தேன். அகலம் சரியாகவே இருந்தது. கோல் மேல் சந்தேகப்பட்டுப் பக்கத்துக் கடைக் கோலை இரவல் வாங்கி மறுபடி அளந்தேன். கடைசியில் மட்டமான நூல், துவைத்துத் தொய்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, துணி அனுப்பிய காரைக்கால் வியாபாரிக்குச் சண்டைக் கடிதமே எழுதினேன். அவரோடு இன்றுவரை எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. துணி அளந்தே பிழைத்த குடும்பம், நீ குள்ளமாகிக்கொண்டு வருகிறாய் என்று நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லையே! நீயும் புடவையை இன்னும் கொஞ்சம் ஏற்றிச் செருகிக்கொண்டு வேலையைப் பார்த்தாய்.

த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயில் படியில் விழுந்து உன் இடுப்பு முறிந்தது, படுத்த படுக்கையாகிப் போய்விட்டாய் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, எலும்பு முறிந்த பிறகுதான் நீ விழுந்திருப்பாய் என்றார். அத்தனை மெலிந்திருந்ததாம் எலும்பு.

ஒவ்வொன்றாகக் கேட்டார். முப்பத்து நாலு வயதில் உனக்குக் கருப்பையோடு சூலகங்களையும் எடுத்ததைச் சொன்னேன். எலும்பைக் காக்கிற பெண் ஹார்மோன் அன்றோடு வற்றிப்போயிருக்கும் என்றார். ஒல்லி உடம்பு, வெயில் படாத கடை. அம்மாவுக்குக் கூன் விழுந்ததையும் கேட்டு எழுதிக்கொண்டார். அப்புறம் மாத்திரைக்கு வந்தார். மூச்சிழுப்புக்காகப் பத்து வருஷம் நீ விழுங்கிய கார்ட்டிசோனும் எலும்பை அரிக்குமாம்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வாராவாரம் சிக்லோ ரிக்‌ஷா ஏறிப்போய் அதை வாங்கி வந்தவன் நான்தானே? ஃபார்மசியில் டாக்டர் சீட்டுக்கூடக் கேட்கமாட்டார்கள். "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி வாங்கி வருவேன். நீ இழுப்பில்லாமல் தூங்குவதைப் பார்த்தால் எனக்கு வயிறு நிறைந்துவிடும். அது தப்பா, அக்கா?

இன்னொன்றை உன்னிடம் எப்படிச் சொல்வது? உன் மகள் பாக்கியத்துக்கும் இழுப்பு வந்துவிட்டது. அவளுக்கும் அதே மாத்திரைதான். சட்டென்று நிறுத்தக்கூடாது, மெல்லக் குறைத்துப் பார்ப்போம் என்கிறார் டாக்டர். குறைத்த இரண்டாம் நாளே அவள் உதடு நீலமாகிவிட்டது. பழைய அளவுக்கே திரும்பினோம். எலும்பைப் பற்றி அவளிடம் சொல்லிப் பார்த்தேன்.

"மூச்சு விட்டாத்தானே மாமா, எலும்பப் பத்திக் கவலப்பட முடியும்?"

பால் குடிக்கச் சொல்கிறேன், காலை வெயிலில் நடக்கக் கூட்டிப்போகிறேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று டாக்டருக்கே தெரியவில்லை.

நேற்று அவளைக் கடை நிலைப்படியில் நிற்கவைத்து, உச்சந்தலைக்கு நேராகத் தையல் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டேன். மாதாமாதம் நிற்கவைத்துப் பார்ப்பேன். அவள் தலை கோட்டுக்குக் கீழே இறங்கினால் என்ன செய்வேன் என்று மட்டும் கேட்காதே. புடவை தரையில் இழுபடுகிறது என்று அவள் என்றைக்காவது சொன்னால், நான் துணியை அளக்க மாட்டேன். இது சத்தியம்.

இன்றைக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது. ஃபார்மசி மூடுவதற்குள் போக வேண்டும்.

இன்னமும் அதை வாங்கிக்கொண்டிருக்கும்,
உன் தம்பி