டாலஸில் நீ கை நனைத்தது

அன்பு மகன் கிளாட்சனுக்கு அம்மா விண்ணரசி எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் உன் தங்கை ஜோதியும் இங்கே நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ள எங்களிடம் ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இந்த வீடு பட்ட பாட்டைக் கேள்.

ஜோதிக்குப் பேசியிருக்கும் நன்னிலம் மாப்பிள்ளை ஜெக்கரியாவும் டாலஸில்தானே இருக்கிறான், ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வா, குணம் எப்படி, பேச்சு எப்படி, விவரமாக எழுது என்று போனில் படித்துப் படித்துச் சொன்னேன். சம்பந்தம் முடிவாகும்வரை அந்த வீட்டுச் சோற்றில் கை நனைக்கக் கூடாது, நனைத்தால் சம்மதம் சொன்ன மாதிரி, காபியோடு எழுந்துவிடு என்றும் சொன்னேன். திருவாரூரில் ஹாஜா மைதீனின் பிரவுசிங் சென்டரில் உன் மெயிலை அச்செடுத்துக்கொண்டு அப்பா மழையில் வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக ஒரு தாள். 'ஜெக்கரியாவைப் பார்த்தேன். கூல்.' மீதி வெள்ளை. அப்பா தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

அப்புறம் பரணிலிருந்து அகராதி இறங்கியது. கல்லூரியில் பரிசாக வாங்கினாரே, அதுதான். முதல் அர்த்தம், கொஞ்சம் குளிர்ந்த. பையன் கோபக்காரன் இல்லை என்று தலையாட்டினார். அடுத்தது, பதற்றப்படாத. பரவாயில்லை என்றார். அதற்கும் அடுத்தது, அன்பு காட்டாத, ஒட்டாத. அகராதியை மூடிவிட்டார். 'பொண்டாட்டிகிட்ட ஒட்டாதவன் நமக்கு எதுக்குடி' என்றார். சம்பா நடவு ஆட்களை வயலில் விட்டுவிட்டு மறுபடியும் திருவாரூர். ஹாஜா மைதீன் சிரித்தானாம். 'சார், இது புது அர்த்தம், உங்க புத்தகத்துல இருக்காது. சட்டை நல்லா இருந்தாலும் சொல்லலாம், காலை மிதிச்சவன் சாரி சொன்னாலும் சொல்லலாம்.' அப்போ அதுக்கு அர்த்தமே இல்லையா தம்பி என்று அப்பா கேட்டிருக்கிறார். 'இருக்கு சார். சொல்றவங்க மூஞ்சியப் பாத்தாத்தான் தெரியும்.' உன் முகத்துக்கு எங்கே போவது. பீரோவில் இருக்கும் உன் போட்டோவை அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், பாவம்.

இதற்குள் நன்னிலத்திலிருந்து ஜெக்கரியாவின் அம்மா செசிலியா பூவும் பழமுமாக வந்து இறங்கினார். 'சம்பந்தியம்மா' என்று வாசலிலிருந்தே குரல். 'உங்க பையன் எம்புள்ள வீட்ல உட்காந்து ரசத்துக்கு மறுசோறு வாங்கிச் சாப்பிட்டாராமே. அப்புறம் என்னங்க, கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சு ஊருக்கு அறிவிக்கச் சொல்லிட வேண்டியதுதானே' என்றார். பாவி, அத்தனை சொல்லியும் கை நனைத்திருக்கிறாய். அதுவும் மறுசோறு. அகராதியைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பாவுக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. உள்ளேயிருந்து ஜோதி குரல் கொடுத்தாள். 'சாப்பிட்டது அண்ணன்தானே. அண்ணனையே கட்டிக்கச் சொல்லுங்க.' நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். செசிலியாவுக்குச் சிரிப்பே வரவில்லை. பூவைக் கொடுப்பதா எடுத்துக்கொண்டு போவதா என்று தடுமாறி, காபியைத் தொடாமல் பஸ் ஏறிவிட்டார்.

பஸ் போன பிறகு, சம்பந்தம் முறிந்துவிடுமோ என்று பயம் வந்தது. ஜோதிக்கு ஜெக்கரியாவைப் பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும். போட்டோவை எங்கே வைத்தோம் என்று நாங்கள் தேடும்போதெல்லாம் அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். ஆனால் அவளை யாரும் கேட்கவில்லை. அப்பா அகராதியைக் கேட்டார். நான் உன்னைக் கேட்டேன். செசிலியா ரசத்தைக் கேட்டார்.

மறுநாள் அவளே ஹாஜா மைதீன் கடைக்குப் போய் ஜெக்கரியாவுக்கு எழுதிவிட்டு வந்தாள். என் அண்ணன் உங்கள் வீட்டில் என்ன சாப்பிட்டார் என்று மட்டும் கேட்டாளாம். பதில் பக்கம் பக்கமாக வந்தது. ரசம் புளித்துவிட்டது, அப்பளம் கருகிவிட்டது, உங்கள் அண்ணன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார், பிடித்துப்போய்ச் சாப்பிடுகிறாரா பசியில் சாப்பிடுகிறாரா என்று தெரியாமல் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன், கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிறேன், என்னைக் கேட்க வேண்டியதை நேரில் கேளுங்கள், நீங்கள் சொல்லும்வரை அம்மாவை எதுவும் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்று எழுதியிருந்தான். முதல் பக்கத்தைத்தான் எங்களுக்குக் காட்டினாள். மற்றதெல்லாம் தலையணைக்கடியில் இருக்கிறது. நான் எடுத்துப் பார்க்கவில்லை என்று நீ நம்பலாம்.

நேற்று செசிலியா போன் செய்தார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பையனோடு வருகிறோம், சும்மா பார்த்துவிட்டு ஒரு வாய் காபியோடு கிளம்பிவிடுகிறோம் என்று குரலே எழும்பாமல் பேசினார். ஜோதி ரிசீவரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். 'காபியெல்லாம் வேண்டாம் அத்தை. எல்லாரும் இலை போட்டுச் சாப்பிட்டுத்தான் போகணும்' என்றாள். வைத்துவிட்டு, நனைகிற துணியை எடுக்கக் கொல்லைக்குப் போய்விட்டாள். மழை பெய்யவில்லை. 'என்னடி சொல்லிட்டுப் போறா, சம்மதமா?' என்று அப்பா கேட்டார், கை தன்பாட்டுக்கு அகராதியைத் தேடியது. அதைப் பரணில் வைத்துவிட்டு வாழை இலைக்குச் சொல்லிவிட்டு வாங்க என்றேன்.

குளிருக்கு ஒழுங்காகப் போர்த்திக்கொள். வெறும் ரொட்டியில் நாளைத் தள்ளாதே, உன் பசி ஊர் அறிந்த பசியாகிவிட்டது. மாதா உன்னைக் காக்கட்டும், போகிற வழியெல்லாம் நல்ல மனிதர்களாக அமையட்டும். அந்த விருந்துக்கு நீயும் வந்து சேர வேண்டும், லீவுக்கு இன்றே எழுதிக் கொடு. வருகிறாயா இல்லையா என்று எங்களுக்கு நாலு வரியாவது எழுது, அந்த வார்த்தை இல்லாமல். எல்லோருக்கும் இலை உண்டு. உனக்கு மட்டும் காபி. இது ஜோதியின் உத்தரவு.

ஆசீர்வாதங்களுடன்
அம்மா
விண்ணரசி பெரியநாயகசாமி